சமைத்தது என்ன, சமைத்தது யார்?

தமிழ்நாட்டைத் தாண்டி ஒரு ஊரில் போய் இறங்கி, "இங்கே சைவம் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் புரியாது. மொழி தெரியாதது மட்டும் காரணம் இல்லை. சிவன் பெயரைச் சாப்பாட்டுக்கு வைத்தவர்கள் தமிழர்கள்தான். பஞ்சாபில் அதே சாப்பாட்டுக்கு விஷ்ணுவின் பெயர்: 'வைஷ்ணோ டாபா'. கொல்கத்தாவில் 'நிராமிஷ்'. அகமதாபாதில் 'சுத் சாகாஹாரி'. கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாது என்றால் 'ஜெயின்'. மும்பையில் 'உடுப்பி' என்று ஒரு ஊரின் பெயர். ராஜஸ்தான்காரர்கள் கடை வைத்த இடமெல்லாம் 'மார்வாடி போஜனாலயம்' என்று ஒரு சமூகத்தின் பெயர். எண்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் சுற்றி வளைக்காமல் 'பிராமணாள் ஹோட்டல்'.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாதிக்கு மேல், தட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லவே இல்லை. அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்றுதான் சொல்கின்றன.

எனக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இப்போது ஜாகை புனேயில். மாதத்தில் பத்து நாளாவது ஏதாவது ஒரு ஊரில் கம்பெனிக் கணக்கைத் துழாவிக்கொண்டிருக்க வேண்டிய உத்தியோகம். வீட்டில் சைவம், வெளியூரிலும் அப்படியே. இத்தனை வருஷத்தில் பட்டினி கிடந்ததில்லை. எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நமக்கு என்று ஒரு கடை இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கடை அங்கே எப்படி வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்தவைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பியோடு உட்காருங்கள்.

ரயிலுக்கு முந்தைய காலத்தில் பயணி என்றால் பெரும்பாலும் யாத்திரிகன், வியாபாரி, சிப்பாய். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிற பாதைகளில் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் சாலையில் கட்டிய சத்திரங்களைப் பற்றி சரபோஜி மன்னர் 1801-ல் கம்பெனி அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களுக்கான வருமானத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்பதுதான் கோரிக்கை. அதில் ஒரு விவரம் வருகிறது. வருகிறவர்கள் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமான்களும் அளந்து கொடுக்கப்படும். அவர்களே பொங்கிக்கொள்ளலாம்.

அரிசி சுத்தமில்லை என்றோ, குழம்பில் மீன் இருக்கிறது என்றோ யாரும் சந்தேகப்படவில்லை. அடுத்தவன் கையால் வெந்த சோறு ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

வட இந்தியாவில் இதற்கு முறையாக ஒரு சட்டமே வைத்திருந்தார்கள். தண்ணீரில் வெந்தது 'கச்சா': சோறு, பருப்பு, சப்பாத்தி. நெய்யில் பொரித்தது 'பக்கா': பூரி, கச்சோரி, மிட்டாய். கச்சா உணவைத் தன் சாதிக்காரரிடமிருந்தோ தனக்கு மேலே என்று கருதிய சாதிக்காரரிடமிருந்தோதான் வாங்கலாம். பக்கா உணவுக்கு அவ்வளவு கெடுபிடி கிடையாது. மிட்டாய்க்கடை ஹல்வாயி செய்ததைப் பெரும்பாலோர் வாங்கிச் சாப்பிட்டார்கள். கான்பூரிலும் காசியிலும் காலையில் ஸ்டேஷன் வாசலில் பூரி சப்ஜி மணக்கிறதே, அது ருசிக்காக மட்டும் வந்த வழக்கம் இல்லை. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவன் கையிலிருந்து, சாதி கெடாமல் வாங்கக்கூடிய பண்டம் அது ஒன்றுதான்.

இதைக் கேட்டு நாம் சிரித்துக்கொள்ள முடியாது. 'பத்துப் பாத்திரம்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பத்து இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். சோறு பட்டால் பத்து, பலகாரத்துக்கு இல்லை. எங்கள் ஆச்சி ரயில் ஏறினால் முறுக்கும் புளிச்சோறும் கட்டிக்கொண்டுதான் ஏறுவாள். ஓட்டலில் ஏன் சாப்பிடக்கூடாது என்று கேட்டால் "எந்தக் கை கிண்டினதோ" என்பாள். எந்த எண்ணெய் என்று அவள் கேட்டதே இல்லை.

1853-ல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நாடு முழுக்கத் தண்டவாளம். மாட்டுவண்டிப் பயணத்தில் மரத்தடியில் நிறுத்தி அடுப்பு மூட்டிக்கொள்ளலாம். ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது. கால் மணி நேரம் நிற்கும் ஸ்டேஷனில் பொங்குவது எப்படி? ரயில்வே கம்பெனிகள் இதற்கு ஒரு ஏற்பாடு செய்தன. ஜனங்களை மாற்றவில்லை, ஸ்டேஷனைப் பிரித்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு ரெஃப்ரெஷ்மென்ட் ரூம், இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. பிளாட்பாரத்தில் 'ஹிந்து பானி', 'முஸல்மான் பானி' என்று தனித்தனித் தண்ணீர், ஊற்றுவதற்குத் தனித்தனி ஆள். தெற்கே இன்னும் ஒரு படி மேலே போய், சாப்பாட்டு அறையிலேயே பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். இரண்டு பக்கமும் பரிமாறியது ஒரே சாம்பார்தான்! பெரியார் இயக்கம் விடாமல் எதிர்த்து, 1941-ல்தான் தென்னாட்டு ரயில்வே சாப்பாட்டு அறைகளில் அந்தத் தடுப்பு ஒழிந்தது.

இதுவரை சொன்னது எல்லாம் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவர்களின் கதை. 'யார் சமைத்தது' என்று இவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, 'யார் நீ' என்று கேட்கப்பட்டவர்களும் அதே ரயிலில் வந்தார்கள்.

1901. சாதாராவில் இருந்து கோரேகாவுக்கு, அங்கே காசாளர் வேலையில் இருந்த அப்பாவைப் பார்க்க, வீட்டுப் பிள்ளைகளோடு ரயிலில் புறப்பட்டான் ஒரு ஒன்பது வயதுப் பையன். புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி, முதல் ரயில் பயணம் என்று ஒரே குதூகலம். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அப்பா அனுப்பியிருக்க வேண்டிய ஆளைக் காணோம். பிள்ளைகள் மஹர் சாதி என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறிவிட்டது. வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒத்துக்கொண்டார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார் என்று ஏற்பாடு. கையில் கட்டுச்சோறு நிறைய இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவில் சுங்கச்சாவடிக்காரரிடம் முஸ்லிம் என்று சொல்லித் தண்ணீர் கேட்டும் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் சோற்றைத் தொட முடியாமல், பசியோடேயே படுத்தார்கள்.

அந்தப் பையன் அம்பேத்கர். பின்னாளில் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தலைப்பில் வெளிவந்த சிறிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். வெளியூர்ப் பயணம் பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். முப்பது பக்கம்கூட வராது. ஒரே மூச்சில் படித்துவிடலாம், ஆனால் படித்த அன்றைக்குத் தூக்கம் வராது.

அதே குறிப்பில் பரோடா வருகிறது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் திரும்பியவர், தன் படிப்புக்கு உதவிய பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போகிறார். அந்த ஊர் இந்து ஓட்டல்களுக்கு 'விஷி' என்று பெயர். அங்கே தன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பொய் சொல்லி நுழையலாம், கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கடைசியில் ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவருக்கு ஒரு ஊரில் சாப்பிட்டுத் தூங்க இடம் இல்லை. அந்த விஷிகளில் சைவச் சாப்பாடு நன்றாகவே இருந்திருக்கலாம். பிரச்சினை அது இல்லை.

சரி, மறுபடி ஓட்டல் கதைக்கு வருகிறேன்.

வேலை தேடிப் பெருநகரத்துக்கு வந்த ஆண்கள்தான் இந்தியாவில் ஓட்டலை உண்டாக்கியவர்கள். குடும்பம் ஊரில். வந்த இடத்தில் சமைக்கத் தெரியாது, அடுத்த சாதிக்காரன் சமைத்தால் ஆகாது. பம்பாயில் இதற்குக் கிடைத்த ஒரு விடை டப்பாவாலா. 1890-ல் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் அந்த ஏற்பாட்டில், வீட்டுச் சாப்பாடு ஆபீஸுக்கே வந்துவிடும். இன்றைக்கு அதை நிர்வாகவியல் அதிசயம் என்று பாடம் நடத்துகிறார்கள். அவரவர் வீட்டு அடுப்பை விட்டால் வேறு அடுப்பை நம்பாத ஒரு நகரத்தில்தான் அப்படி ஒன்று வளர முடியும் என்பதை எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் சொல்லக் காணோம் :-)

கல்கத்தாவின் படாபஜாரில் மார்வாடிகள் கண்ட விடை 'பாசா'. ஊரிலிருந்து வந்த இளைஞர்கள் கூட்டாகச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் மெஸ். சிலவற்றைப் பெரிய வியாபாரிகளே நடத்தினார்கள். வந்து இறங்கிய பையனுக்குத் தன் ஊர்ச் சாப்பாடும் படுக்க இடமும் வேலைத் தகவலும் ஒரே கூரையின் கீழ். வங்காளிகளுக்கு 'இந்து ஹோட்டல்'. அங்கே மீன் உண்டு, ஆட்டுக்கறியும் உண்டு; சமைப்பவர் மட்டும் பிராமணர். விபூதிபூஷண் பந்தோபாத்யாய 1940-ல் வெளியிட்ட 'ஆதர்ஷ ஹிந்து ஹோட்டல்' நாவலின் நாயகன் ராணாகாட் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கும் ஹஜாரி டாகுர் என்கிற பிராமணச் சமையல்காரர். சொந்தமாக ஒரு ஓட்டல் வைக்க வேண்டும் என்று கனவு காண்பவர். 'பதேர் பாஞ்சாலி' எழுதியவரின் கையில் ஓட்டல் அடுப்படி எப்படி இருக்கும் என்று பார்க்கவாவது அதைப் படிக்கலாம்.

'இந்து ஹோட்டல்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு சைவம் என்று நினைத்து நுழையும் நம்மூர்க்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெயரும் தட்டைச் சொல்லவில்லை, கையைத்தான் சொன்னது.

இந்தச் சூழலில்தான் உடுப்பிக்காரர்கள் வருகிறார்கள். உடுப்பி கிருஷ்ணன் கோயிலைச் சுற்றி எட்டு மடங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூஜைப் பொறுப்பு ஒரு மடத்திலிருந்து அடுத்த மடத்துக்கு மாறும். அதையொட்டி ஆயிரக்கணக்கானோருக்குச் சாப்பாடு நடக்கும். பெரிய அளவில் சமைக்கத் தெரிந்த கை அங்கே ஏராளம். பிழைப்புக்கு வழிதான் குறைவு. அவர்கள் மைசூர், சென்னை, பம்பாய் என்று கிளம்பினார்கள். சமைப்பவர் பிராமணர், அதிலும் கோயில் ஊர்க்காரர் என்பதால் 'யார் சமைத்தது' என்ற கேள்வி கல்லாவில் உட்காரும் முன்பே அடங்கிவிடும். முதலீடு என்று பார்த்தால் அதுதான் அவர்களுடைய முதல் முதலீடு. மடத்தில் எடுபிடியாகத் தொடங்கி, சென்னையில் சமையலறை வேலை பார்த்து மேலே வந்த கே. கிருஷ்ணராவ் 1930களின் கடைசியில் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். பம்பாயில் மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ராமா நாயக் 1942-ல் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1940-ல், அதே பேட்டையில் கஃபே மெட்ராஸ். மும்பைக்கு வேலையாகப் போனால் எனக்கு மாதுங்கா போகாமல் திரும்பக் கால் வராது. வாழை இலை, ரசம், பக்கத்து மேஜையில் தமிழா கன்னடமா கொங்கணியா என்று பிரிக்க முடியாத பேச்சு.

பெங்களூர் மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் கதை இன்னும் பொருத்தம். உடுப்பிக்குப் பக்கத்து ஊரான கோட்டாவிலிருந்து வந்த மைய்யா சகோதரர்கள் 1924-ல் அதைத் தொடங்கியபோது வைத்த பெயர் 'பிராமின் காஃபி கிளப்'. 1951-ல் யக்ஞநாராயண மைய்யா ஐரோப்பா போய் அங்கே ஓட்டல்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தார். பாத்திரம் கழுவுவது, சமையலறைச் சுத்தம் எல்லாம் புது முறைக்கு மாறின. 1960-ல் பெயரும் மாறி எம்.டி.ஆர். ஆனது. நம்பிக்கை வாங்க ஒரு காலத்தில் சாதியைப் பலகையில் போட்டார்கள். பிறகு கொதிநீரில் கழுவிய டம்ளர் போதும் என்றானது. இந்த மாற்றம் தானாக, நல்ல மனசால் மட்டும் நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லி, சாதி, மதம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டல் என்ற சொல் ஏன் வர வேண்டும்? பரோடாவை நினைத்தால் பதில் கிடைக்கும். ஆனாலும் பலகைகள் அப்படியேதான் தொங்கின. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்னால் பெரியார் மறியலைத் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கடைசியில் 'பிராமணாள்' என்ற சொல் பலகையை விட்டு இறங்கியது. ஒரு சொல்லுக்கா இவ்வளவு என்று அன்றைக்குக் கேலி செய்தவர்கள் உண்டு. வெளியூரில் பலகையைப் படித்துவிட்டு நுழைவதா வேண்டாமா என்று தயங்கி நின்றவருக்குத்தான் அந்த ஒரு சொல்லின் எடை தெரியும்.

அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவியது 'உயர்தர சைவ உணவகம்'. அந்த 'உயர்தர'வில் தரம் எவ்வளவு, 'உயர்' எவ்வளவு என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இருக்கட்டும்.

இன்னொரு வேடிக்கை. வடக்கே 'மதராஸி சாப்பாடு' என்றால் இட்லி, தோசை, சாம்பார். அதாவது சைவம். டில்லி கன்னாட் பிளேஸில் மெட்ராஸ் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கே அதுதான் பெயர். 1986-ல் உடுப்பிப் பக்கத்து ஜெயராம் பனான் டிஃபன்ஸ் காலனியில் சாகர் தொடங்கியதும் தோசைக்கு வரிசை கட்டி நின்றார்கள். என்கூட வேலை பார்க்கும் சண்டிகர்க்காரர் ஒருவர் தமிழ்நாட்டில் யாருமே கறி சாப்பிட மாட்டார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2014-ல் நடந்த மாதிரிப் பதிவு ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சைவம் சுமார் 29 சதவீதம். ராஜஸ்தானில் 75-ஐ ஒட்டி. ஹரியானா, பஞ்சாப் இரண்டிலும் அறுபதுக்கு மேல். தமிழ்நாட்டில் இரண்டரை சதவீதம்கூட இல்லை! வங்காளத்தில் ஒன்றரைக்குள். நூற்றில் இரண்டு மூன்று பேரின் சாப்பாடு எப்படி ஒரு மாநிலத்தின் முகமாக ஆனது? முதலில் ரயிலேறிக் குமாஸ்தா வேலைக்குப் போனவர்கள் யார், அவர்களுக்குக் கடை வைத்தவர்கள் யார் என்று பார்த்தால் போதும். மற்ற தொண்ணூற்றேழு பேரின் குழம்பு பின்னால் செட்டிநாடு என்ற பெயரில், அதுவும் ரொம்பத் தாமதமாகத்தான் வடக்கே போய்ச் சேர்ந்தது. சண்டிகர் நண்பருக்கு ஒருநாள் மதுரை மட்டன் சுக்கா பற்றி விளக்கினேன். சைவக்காரன் வாயால் கேட்டது அவருக்கு இன்னும் ஆச்சரியம்.

ஒன்றரை சதவீதம் என்றேனே, அந்த வங்காளத்தில் சைவச் சமையல் அற்புதமானது. சுக்தோ, வாழைப்பூ கொண்டு செய்யும் மோச்சார் கொண்டோ, கசகசா அரைத்த போஸ்தோ. இவ்வளவு நுணுக்கம் எங்கிருந்து வந்தது? பெரும் பகுதி விதவைகளின் அடுப்பிலிருந்து. மேல்சாதி வீடுகளில் கணவன் இறந்த நாளோடு மீன் போச்சு, கறி போச்சு, வெங்காயமும் பூண்டும் போச்சு. மசூர் பருப்புகூட ஆமிஷ் என்று தள்ளி வைத்தார்கள். சிறுவயதில் விதவையானவள் மீதி ஆயுள் முழுக்கத் தனி அடுப்பில் பூசணித் தோலையும் வாழைத் தண்டையும் வைத்துக்கொண்டு ருசி கண்டுபிடித்தாள். அதைத்தான் இன்று 'பாரம்பரிய நிராமிஷ் தாலி' என்று விலை போட்டு விற்கிறார்கள். நானும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். பிரமாதமாக இருக்கிறது. யார் சமைத்தது என்ற கேள்வியை நான் கேட்க விரும்புகிற ஒரே இடம் இதுதான்.

எதிர்த் திசையிலும் இரண்டு உதாரணம் சொல்ல வேண்டும். பூரி ஜகந்நாதர் கோயில் ஆனந்த பஜாரில் மகாபிரசாதம் விற்கிறார்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளி எதுவும் கிடையாது, மண்பானைச் சமையல். அதைச் சாப்பிடும்போது சாதி பார்க்கக்கூடாது என்பது பழைய மரபு. ஒரே இலையில்கூடச் சேர்ந்து சாப்பிட்டார்கள். (கோயில் வாசலையே மிதிக்க விடப்படாத சாதிகளும் இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம்.) இன்னொன்று சீக்கியர்களின் லங்கர். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார வேண்டும், யார் வேண்டுமானாலும் சப்பாத்தி தேய்க்கலாம், யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். பஞ்சாபில் கறி சாப்பிடும் சீக்கியர்கள் நிறைய. ஆனாலும் லங்கரில் பருப்பும் சப்பாத்தியும்தான். எந்த மதத்துக்காரர் வந்தாலும் தயங்காமல் கை நீட்ட வேண்டும் என்பதற்காக. அதே பருப்பு, அதே காய். ஒரு இடத்தில் ஆளைத் தள்ளி நிறுத்த உதவியது, இன்னொரு இடத்தில் எல்லாரையும் உட்கார வைக்க உதவுகிறது. அமிர்தசரஸ் போகிறவர்கள் பிரிவினைக்குப் பின் ஷேகுபுராவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கேசர் தா டாபாவுக்கும் போவார்கள், போக வேண்டியதுதான். ஆனால் முதல் வேளை லங்கராக இருக்கட்டும்.

பாக்கெட் உணவில் அசைவத்துக்குப் பழுப்பு வட்டம், சைவத்துக்குப் பச்சை வட்டம் என்று அரசாங்கம் விதி கொண்டுவந்தது 2001, 2002 வாக்கில். (பழுப்பு வட்டம் பின்னால் முக்கோணமாக மாறியது. வண்ணக் குருடு உள்ளவர்களுக்கு வசதி.) எனக்கு அந்தப் பச்சைப் புள்ளி பெரிய உதவி. மதம் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை; உள்ளே என்ன இருக்கிறது, அவ்வளவுதான். நூறு வருஷப் பலகைகள் சொல்லாததை ஒரு புள்ளி சொல்லிவிட்டது.

ஆனால் பழைய கேள்வி செத்துவிடவில்லை. 2023-ல் மும்பை ஐ.ஐ.டி. விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று மேஜை ஒதுக்கியதில் பெரிய தகராறு. 2024 மார்ச்சில் சொமேட்டோ கம்பெனி, சுத்த சைவம் கேட்பவர்களுக்குத் தனிப் பையன்கள், தனிப் பச்சைச் சட்டை, தனிப் பச்சைப் பெட்டி என்று அறிவித்தது. பச்சைச் சட்டைக்காரரை மட்டும்தான் உள்ளே விடுவோம் என்று குடியிருப்புகள் சொல்லிவிட்டால் சிவப்புச் சட்டைக்காரர் கதி என்ன என்று எதிர்ப்புக் கிளம்பியது. மறுநாளே சட்டை ஒரே நிறமாகிவிட்டது. சாம்பார் மூடிய டப்பாவில் வருகிறது, டப்பா பையில், பை பெட்டியில். அதற்கு மேலும் கொண்டுவருகிற ஆளின் சட்டை நிறம் நமக்கு எதற்கு? ஆச்சி குரல் எங்கிருந்தோ கேட்கிறது, எந்தக் கையோ என்று.

நான் புனேயில் சாப்பிடும் உடுப்பிக் கடைக்கு முதலாளி ஷெட்டி, பிராமணர் இல்லை. இட்லி வார்ப்பவர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர், பரிமாறும் பையன்களில் இரண்டு பேர் அஸ்ஸாம், ஒருவர் நேபாளம். ஒடிசாக்காரரிடம் ஒருமுறை ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "பகாளா பாத், மீன்" என்றார், கல்லைத் துடைத்துக்கொண்டே. பகாளா என்றால் நம் பழையது. அவர் வார்க்கும் தோசை மாதிரி திருநெல்வேலியில்கூட எல்லாக் கடையிலும் கிடைக்காது.

கொல்கத்தா போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நிராமிஷ் என்ற சொல்லை மட்டும் நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். அங்கே 'நிராமிஷ் மாங்ஷோ' என்றே ஒரு பதார்த்தம் உண்டு. காளிக்குப் படைத்த ஆட்டுக்கறி. வெங்காயமும் பூண்டும் சேர்க்காததால் நிராமிஷ்! அதனால் "மாச் நேய் தோ?", மீன் இல்லையே, என்று ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள். கறியையும் முட்டையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சிரிப்பார்கள். பரவாயில்லை. அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் டாக்ஸிக்காரரிடம் லேக் மார்க்கெட் என்று சொல்லுங்கள், காப்பி வாசனையே கடையைக் காட்டிக்கொடுக்கும்.